தோல் நோயும் காப்பீட்டு அட்டையும்: மதுரை வட்டாரத்தில் எந்த வாசலுக்குச் செல்வது

தோல் நோய்க்கான மருத்துவத்தில் பெரும்பகுதி புறநோயாளிப் பிரிவிலேயே முடிந்துவிடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோ, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து படுக்க வேண்டிய நோயாளிக்கு உரியது. மதுரை வட்டாரத்தில் தோல் நோயாளிகள் படும் அலைச்சலில் பாதி, இந்த இரண்டும் பொருந்தாமல் இருப்பது தெரியாததால் வருகிறது. அட்டை இருக்கிறதே என்று தனியார் தோல் மருத்துவரிடம் போனவர் வரவேற்பு மேசையிலிருந்தே திரும்புகிறார். அட்டை இல்லையே என்று தயங்குகிறவர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். முதலாமவருக்கு அட்டை அங்கே செல்லாது. இரண்டாமவருக்கு அட்டை தேவையே இல்லை.

இத்திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் இடம்பெற்ற சிகிச்சைகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் நோயாளி பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். “பட்டியலில் இடம்பெற்ற”, “அங்கீகரிக்கப்பட்ட” என்னும் இரண்டு சொற்களையும் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படர்தாமரை, சொறி சிரங்கு, கரப்பான், முகப்பரு, சாதாரண அரிப்பு ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்த்து மருந்துச் சீட்டு வாங்குவது இதற்குள் வராது. மருவை எடுப்பது, தழும்பை மறைப்பது, முடி நடுவது போன்ற அழகு சார்ந்த சிகிச்சைகளும் வரமாட்டா. உடல் முழுதும் கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்துபோவது, மாத்திரை ஒவ்வாமையால் வாயும் கண்ணும் புண்ணாகிக் காய்ச்சலோடு கிடப்பது, கால் புண்ணில் சீழ் ஏறிப் படுக்க வைப்பது போன்ற நிலைகளில்தான் அட்டையைக் கையில் எடுக்கும் வேளை வருகிறது.

பெரிய ஆஸ்பத்திரியும் ஓ.பி. சீட்டும்

ஆகவே பெரும்பாலானவர் முதலில் செல்ல வேண்டிய இடம் கோரிப்பாளையத்தை அடுத்த பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனை. ஊரார் வாயில் அது பெரிய ஆஸ்பத்திரி. மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை என்பதால், தோல் நோய்க்குத் தனிப் பிரிவு அங்கே உண்டு. இங்கே புறநோயாளியாகப் பார்த்துக்கொள்ளக் காப்பீட்டு அட்டையும் தேவையில்லை, வேறு மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. ஆதாரையும் கைப்பேசி எண்ணையும் கையோடு வைத்திருந்தால் ஓ.பி. சீட்டுப் போடுவது எளிது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஆரப்பாளையத்திலும், மேலூர்க்காரர் மாட்டுத்தாவணியிலும் இறங்கி நகரப் பேருந்து மாற வேண்டியிருப்பதால், காலையில் முதல் வண்டிகளிலேயே கிளம்பிவிடுவது நல்லது. புறநோயாளிப் பிரிவு காலை நேரத்துக்கு உரியது, நண்பகலுக்குப் பின் சீட்டுக் கிடைக்காது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் அரசு மருத்துவமனைகள் அருகில் இருப்பவர், அங்கே தோல் மருத்துவர் எந்தக் கிழமையில் இருப்பார் என்று ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டால், ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சும்.

பிறப்புறுப்பில் புண்ணோ படையோ உள்ளவர், தோல் பிரிவு வேறு, பால்வினை நோய்ப் பிரிவு வேறு என்பதை அறிந்திருக்க வேண்டும். சீட்டுப் போடும் இடத்தில் வெட்கப்பட்டு “உடம்பு அரிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு வேறு பிரிவுக்கு அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. தொடக்கத்திலேயே இடத்தைச் சொல்லிவிடுவது தமக்கே நல்லது.

மருத்துவர் முன் நாம் உட்காரும் நேரம் சில நிமிடங்களே என்பதால், அதற்கு முன்பு வீட்டில் செய்து வைக்கும் ஆயத்தத்துக்கே பயன் அதிகம். போகும் நாளன்று படையின் மேல் எண்ணெய், மஞ்சள், பவுடர், களிம்பு எதையும் பூசக்கூடாது. மருத்துவர் பார்க்க வேண்டியது தோலை. அதன் மேல் உள்ள பூச்சை அன்று. பூஞ்சைத் தொற்று என்று ஐயம் எழுந்தால், பிளேடின் மழுங்கிய ஓரத்தால் படையின் விளிம்பைச் சுரண்டி, உதிரும் செதிலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முந்தின இரவு பூசிய களிம்பு அந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். வந்து வந்து மறையும் தடிப்பாக இருந்தால், அது தெரியும் வேளையிலேயே பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். இதுவரை பூசிய, விழுங்கிய மருந்துகள் அனைத்தையும், காலியான டியூபையும் மாத்திரை அட்டையையும்கூட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வாயால் சொல்ல வேண்டியதையும் முன்கூட்டியே சுருக்கி வைத்துக்கொள்ளலாம். “மூன்று மாதமாக இருக்கிறது, முதலில் தொடையிடுக்கில் வந்தது, வீட்டில் மகனுக்கும் இருக்கிறது, இராத்திரியில் அரிப்பு அதிகம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், மருத்துவர் கேட்கப் போகும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை வந்துவிடுகிறது. தொழிலையும் சொல்ல வேண்டும். கொத்தனாருக்குச் சிமெண்டில் உள்ள குரோமியத்தால் கை வெடிக்கும். தோட்டம் துரவில் வேலை செய்கிறவருக்குப் பார்த்தீனியச் செடியின் ஒவ்வாமையால் முகமும் கழுத்தும் தடித்துக் கறுக்கும். வேலையைச் சொல்லாவிட்டால் இவை வெறும் கரப்பானாகவே சீட்டில் எழுதப்படக்கூடும்.

வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இரவில் அரிப்பு இருந்தால் சிரங்காக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்போது ஒருவர் மட்டும் வந்து ஒரு டியூப் வாங்கிப் போவதில் பயனில்லை. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால்வரை ஒரு இடம் விடாமல் இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அப்படியே செய்ய வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் உள்ள அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். எனவே வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லி அத்தனை பேருக்குமான மருந்தைக் கேட்டு வாங்குவது அவசியம். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருந்தால் அதையும் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

டியூபின் பின்பக்கம்

அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் நோயை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவது, கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கலப்புக் களிம்புகளே. டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்துப் பார்க்க வேண்டும். குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரையில் இதைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் குறையும்; பூஞ்சையோ உள்ளே நன்றாகப் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிய வளையமாகக் கிளம்பும். மறுபடியும் அதே டியூப். நாளடைவில் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, வெள்ளை வரிகள் விழும். அந்த வரிகள் பிறகு எந்த மருந்துக்கும் முழுதாகப் போவதில்லை. முகத்தில் சிவப்பழகுக்கென்று பூசுகிறவர்களுக்குப் பருவும் கருமையும் வரும். 2018-இல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியவையாக ஆக்கப்பட்டன. ஆயினும், “படைக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க” என்றால் பல கடைகளில் இன்றும் எடுத்துத் தருகிறார்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் அதற்காகக் கூச்சப்பட்டு டியூபை வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது. மருத்துவருக்கு அதுவே முதல் தடயம்.

வெளிறிய அல்லது செம்பு நிறத் தேமல் இருந்து, அந்த இடத்தில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றால் நாளைக் கடத்தக்கூடாது. அது தொழுநோயாக இருக்கலாம். இதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கிருமி குறைவான வகைக்கு 6 மாதம், மிகுந்த வகைக்கு 12 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் நிலை நின்றுவிடும். பால்வெள்ளையாகப் பரவும் வெண்புள்ளி இதிலிருந்து முற்றிலும் வேறானது. அதில் உணர்வு போகாது, அது தொற்றவும் தொற்றாது. வெண்குஷ்டம் என்று பேர் சொல்லிச் சொல்லியே அந்த நோயாளிகளை ஊர் நெடுங்காலம் ஒதுக்கி வைத்துவிட்டது.

அரசு மருத்துவமனையின் மருந்து வாங்குமிடத்தில் தரப்படும் மாத்திரைகளும் களிம்புகளும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக வருபவை, விலை கிடையாது. எழுதிய மருந்து இருப்பில் இல்லை என்றால், வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப் பெயரை எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் தரப்பட்டால் ஒன்றை மிகக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. மற்ற மாத்திரைகளைப் போல நினைத்து அன்றாடம் விழுங்கினால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்கி, வீட்டு நாட்காட்டியில் அந்தக் கிழமைகளில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

கப்பலூர் தொழிற்பேட்டையிலோ, நூற்பாலையிலோ, நகரத்தின் பெரிய துணிக்கடைகளிலோ வேலை செய்து, மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர், தம் சம்பளச் சீட்டை ஒரு முறை பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடித்திருந்தால், தோல் நோயைப் பொறுத்தவரை முதலமைச்சர் காப்பீட்டைவிட அதுவே பயனுள்ள காப்பீடு. ஏனெனில் அது புறநோயாளி மருத்துவத்தையும் மருந்தையும் சேர்த்தே தருகிறது, மனைவி மக்களுக்கும் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் தருகிறது. ஆனால் வழி வேறு. முதலில் தமக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சென்று, அங்கிருந்து பரிந்துரை பெற்றே தத்தனேரியில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, உரிய சந்தா நாட்கள் நிறைந்திருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு மருத்துவச் சான்றை விடுப்பு எடுத்த உடனேயே பெற வேண்டும்.

சேர்க்க வேண்டும் என்று சொன்னால்

என் பெரியம்மாவுக்கு வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கியது. இரண்டு மாதம் வைட்டமின் மாத்திரையும் மணத்தக்காளிக் கீரையுமாகக் கழிந்தது. பிறகு முதுகில் தளர்ந்த கொப்புளங்கள் வந்தன. சேலை உரசினாலே உடைந்து, அந்த இடம் பச்சைப் புண்ணாக நின்றது. வாழை இலையை விரித்துத்தான் படுக்க வைத்தோம். தனியார் மருத்துவமனை ஒன்றில் “அட்டை இங்கே செல்லும்” என்றார்கள், சேர்த்தோம். மூன்றாம் நாள், இந்த நோய்க்கு அனுமதி வரவில்லை என்று சொல்லிக் கட்டணச் சீட்டை நீட்டினார்கள். மருத்துவமனை அங்கீகரிக்கப்பட்டதுதான்; ஆனால் எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் என்று நாங்கள் கேட்கவில்லை. எலும்பு முறிவுக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் தோல் நோய்க்கு அட்டை செல்லாமல் போகலாம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, தோலில் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்ததில் பெம்ஃபிகஸ் என்னும் கொப்புள நோய் என்று தெளிவாயிற்று.

ஆகவே தனியாரிடம் சேரும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை பெற்றுவிட வேண்டும். இந்த மருத்துவமனைக்குத் தோல் நோய்ப் பிரிவில் அங்கீகாரம் உண்டா, மருத்துவர் எழுதியுள்ள நோயும் சிகிச்சையும் பட்டியலில் உள்ளனவா, முன் அனுமதி வந்துவிட்டதா? இவற்றை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்பதைவிட, அங்கே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று உட்கார்ந்திருக்கும் தொடர்பு அலுவலரிடம் கேட்பதே முறை. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அனுமதி வந்த சிகிச்சைக்கு முன்பணம் கேட்டால், வாய்ச்சண்டைக்குப் போகாமல், கேட்டவர் பதவியையும் தொகையையும் தேதியையும் குறித்துக்கொண்டு அதே எண்ணில் புகார் சொல்லலாம்; முதல்வரின் முகவரி உதவி எண்ணான 1100-இலும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கட்டிய பணத்துக்கு இரசீது இல்லாத புகார் நிற்பது கடினம்.

அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அட்டையைக் கேட்பார்கள். இலவசம்தானே, எதற்கு என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். நோயாளியின் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கே வந்து சேர்வதற்காகத்தான் கேட்கிறார்கள். அட்டை இல்லை என்பதற்காக அங்கே சிகிச்சை நிற்காது.

அட்டை இல்லாத குடும்பம், நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு இது உரியது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, உறுப்பினர்களின் ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கினால் அருகில்தான். குடும்ப அட்டையில் பெயர் உள்ளவருக்கே காப்பீடு என்பதால், திருமணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருந்தால் அதை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறு எழுத்துமாக இருப்பதும் கடைசி நேரத்தில் காலை வாரும். நோயாளி ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நிலையில்கூட, மருத்துவமனையில் சேர்த்ததற்கான கடிதத்தோடு வீட்டார் ஒருவர் ஓடி இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர் அந்த நாளில் ஊரில் இருக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது வெளியேற்றச் சுருக்கத்தையும் (டிஸ்சார்ஜ் சம்மரி) பயாப்ஸி முடிவையும் கேட்டு வாங்கி, இரண்டு நகல் எடுத்து வைக்க வேண்டும். அட்டையின் வேலை பெரும்பாலும் அத்தோடு முடிந்து, நோயாளி மறுபடியும் ஓ.பி. வரிசைக்கு வருகிறார். பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். அதைத் திடீரென்று நிறுத்துவது கொப்புளத்தைவிட ஆபத்தானது என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பண்டிகை விடுமுறையும் சித்திரைத் திருவிழாக் கூட்டமும் எந்த வாரத்தில் வருகின்றன என்று பார்த்து, மாத்திரை தீர்வதற்கு மூன்று நாள் முன்னதாகவே நாங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.